ஆண் செடிக்குக் கட்டிய சேலை

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்குக் காத்து ஆகாது. சித்திரை வெயில்ல இந்தக் கிழவன் எதுக்குச் சேலையப் போத்திக்கிட்டு உக்காந்துருக்கான்னு கண்டக்டர் ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போறான். பாத்துட்டுப் போகட்டும். இது எம் பொஞ்சாதி சேலை. செவனம்மா போயிச் சேந்து பல வருசம் ஆச்சு. சேலை இருக்கு.

கல்லூத்துப்பட்டின்னு டிக்கெட் கேட்டீங்கள்ல, காதுல விழுந்துச்சு. நானும் அங்கதான். உங்களுக்குச் சொந்த ஊரா அது? தங்கச்சியக் கட்டிக் குடுத்த ஊரா. நல்லது. எனக்கு அங்க யாரும் கிடையாது. ஒரு ஆளத் தேடிப் போறேன். அவன் பேரு தெரியாது. மூஞ்சியும் தெரியாது. சிரிக்காதீங்க. குரல் தெரியும். இருமல் தெரியும். சின்னதா ரெண்டு இருமுவான், மூணாவது பெருசா ஒண்ணு வரும், அப்புறம் தொண்டையச் செருமி ஒரு முடிப்புப் போடுவான், சாமிகிட்ட வரம் கேட்டு முடிச்ச மாதிரி. அந்த இருமல ஆயிரம் பேருக்கு மத்தியில இருமுனாலும் எடுத்துருவேன். பள்ளிக்கூடம் நான் ரெண்டாப்பு தாண்டல. ஆனா எங்காது தப்பாச் சொல்லாது.

அவனக் கண்டுபிடிச்சு ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏன்டா மாப்ளே பதில் சொல்லாமப் போனன்னு. கேட்டுட்டு, வா மேல போவம்னு கூப்பிடணும். அவ்வளவுதான்.

மேலன்னா மலைக்கு. பன்னிமடைக் காட்டுக்கு. அங்க என்ன செஞ்சீங்கன்னு நீங்க கேக்கல, ஆனா கேக்கணும்னு வாய் துடிக்குது. மெதுவாச் சொல்றேன். கஞ்சாச் செடி. பதறாதீங்க, நீங்க போலீஸ் இல்லன்னு எனக்குத் தெரியும். டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக் குடுத்தீங்களே. கையப் பாத்தாலும் மண்ணுல கெடக்கற கை. என்ன வெள்ளாமை? பப்பாளியா. அட, அப்ப உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்கிறது சுலபம். பப்பாளியில ஆண் மரம், பெண் மரம் இருக்குல்ல. அதே கதைதான் இங்கயும். ஆனா பப்பாளிக்கு ஆண் வேணும். இதுக்கு ஆகாது. ஆண் செடி பூத்துப் பொடி பறந்துச்சுன்னா பெண் செடியெல்லாம் விதை பிடிச்சுரும். விதை பிடிச்ச பூவ ஏவாரி மோந்துகூடப் பாக்க மாட்டான், கீழ தட்டி விட்டுட்டுப் போயிருவான். அதனால ஆண் செடி தலையக் காட்டுன அன்னைக்கே பிடுங்கிப் போட்டுறணும்.

ஆனா நான் ஒண்ண மட்டும் விட்டு வைப்பேன். அது எம் பெரும. அடுத்த வருச விதைக்கு யாருகிட்டயும் கையேந்தி நிக்க மாட்டேன் நான். வருசா வருசம் நல்ல செடியாப் பாத்துப் பாத்து நானே சேத்து வச்ச சாதி அது. தண்டு செவப்பு ஓடி, குட்டையா, மழைக்குச் சாயாம நிக்கும். அந்த ஒத்த ஆண் செடிய ஒதுக்கா நட்டு, பூக்கற காலத்துல மேல கீழ சேலையச் சுத்திக் கட்டிருவேன், பொடி வெளிய வராம. வேணுங்கறப்ப ஒரு பெண் செடியோட ஒத்தக் கிளைய மட்டும் அதுக்குள்ள விட்டு எடுத்தா அடுத்த வருசத்துக்கு விதை. மத்ததெல்லாம் சுத்தமா இருக்கும். அந்தச் சேலைதான் இது. வெளுத்த மஞ்ச. தூரத்துலருந்து பாத்தா கொன்னை பூத்த மாதிரி இருக்கும், சந்தேகம் வராது. செவனம்மாவுக்குப் பிடிச்ச கலரு.

எங்க விட்டேன்? ஆங், அவன்.

மலையில எங்களுக்கு ஒரு கட்டு இருக்கு தம்பி. ஒருத்தன் செடி போட்ட கொல்லைக்கு இன்னொருத்தன் போகக் கூடாது. பேரு கேக்கக் கூடாது, சொல்லக் கூடாது. மூஞ்சி பாக்கக் கூடாது. ஒருத்தன் மாட்டுனா அடிக்கற அடிக்கு இன்னொருத்தனக் காட்டிக் குடுத்துருவான்ல, அதுக்கு. காட்ட விடக் கூடாதுன்னா பாக்காமலே இருந்துறணும். அரிசி, உப்பு, பீடி எல்லாம் ஒருத்தன் கொண்டாந்து ஒரு பாறையடியில வச்சுட்டுப் போவான். அவன் போனதுக்கப்புறம்தான் நான் எறங்கி எடுப்பேன். ஆடி மாசம் ஏறுனா மார்கழியிலதான் எறக்கம். அது வரைக்கும் மனுச வாடை கிடையாது. கரடி வாடை உண்டு.

மொத ரெண்டு வருசம் எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஒண்ணுதான் பாக்கி. செடிகிட்டப் பேசுவேன். சோத்துப் பானைகிட்டப் பேசுவேன். எங்குரல் எனக்கே அந்நியமாப் போச்சு. மூணாவது வருசம் ஒருநா பொழுது சாயுற நேரம், ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவுல இருமல் கேட்டுச்சு. சின்னது ரெண்டு, பெருசு ஒண்ணு, செருமல். மனுசன். அப்படியே மம்பட்டியப் போட்டுட்டு உக்காந்துட்டேன். கண்ணுல தண்ணி. வாய்க்குப் பக்கத்துல கையக் குவிச்சு 'கூ'ன்னேன். இருமல் பட்டுன்னு நின்னுச்சு. பயந்துருப்பான். அப்புறம் அங்கருந்தும் 'கூ'ன்னு வந்துச்சு. அவ்வளவுதான் அன்னைக்கு. அந்த ஒரு கூவுக்கு அன்னைக்கு நான் ரெண்டு வாய்ச் சோறு கூடத் தின்னேன்.

பேரு கிடையாதுல்ல, அதனால மொறை வச்சுக்கிட்டோம். அவனாத்தான் ஆரம்பிச்சான். "மாமோய்" அப்படின்னான் ஒருநா. பொண்ணு குடுக்க எனக்குப் பிள்ளையே கிடையாது. இருந்தாலும் சரின்னு நானும் "என்ன மாப்ளே"ன்னேன். அன்னையிலருந்து தினமும் பொழுது சாயுற நேரம் பேச்சு. நான் இந்தச் சரிவுல, அவன் அந்தச் சரிவுல, நடுவுல பள்ளமும் மூங்கிலும். சாப்டியாடா, என்ன கொழம்பு, கரடி வந்துச்சா, இதுதான் பேச்சு. பெருசா ஒண்ணும் இல்ல. புருசன் பொஞ்சாதிகூட அவ்வளவுதான பேசிக்கிறாங்க.

வாடைக்காத்து ஆரம்பிச்சுட்டா எனக்கு வசதி. காத்து எம் பக்கத்துலருந்து அவன் பக்கம் வீசும். நான் லேசாச் சொன்னாலே அவனுக்குக் கேட்டுரும். அவன் சொல்றதுக்குத்தான் நான் காதச் சாச்சு வைக்கணும்.

நல்ல வாய்க்காரன். என் ஆண் செடிக்குச் சேலை கட்டுனது அங்கருந்து மஞ்சளாத் தெரியுமாம். மொதல் தடவை பாத்துட்டு, "மாமோய், அத்தைய எப்ப மலைக்குக் கூட்டிட்டு வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லல"ன்னான். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அதுக்கப்புறம் தெனம் அதுதான். அத்தை சவுக்கியமா, அத்தை நனையிறாங்களே ஒரு கொடை பிடிக்கக் கூடாதா, அத்தைக்கு எங்கிட்டருந்து ஒரு கும்பிடு. செவனம்மா உசுரோட இருந்தப்பகூட அவள இப்படி ஒருத்தரும் விசாரிச்சதில்ல.

அப்படியே வருசம் ஓடிச்சு. போன ஐப்பசிக்கு வர்றேன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம். அவன் குரல் வேற மாதிரி இருந்துச்சு. இருமிட்டு உடனே பேசல. செருமி முடிச்ச கையோட பேசற ஆளு அவன். அப்புறம் சொன்னான், இதுதான் மாமா கடைசி வெள்ளாமைன்னு. ஆடியில ஏறுறப்பவே பொஞ்சாதி முடிவாச் சொல்லிட்டாளாம், மலையில இருக்கற ஆளுக்கு நான் பொஞ்சாதி இல்ல, எறங்கி வந்தா ரெண்டு எருமையோட வா, இல்லன்னா வரவே வேண்டாம்னு. மக நடக்க ஆரம்பிச்சுட்டாளாம், இவனப் பாத்தா வேத்தாளுன்னு அழுகுறாளாம். இந்தப் பூவு சுத்தமா எறங்குனா எருமை வாங்கிருவேன் மாமா, அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்னான். எங்க ஊரு கல்லூத்துப்பட்டியில பஸ் திரும்புற இடத்துல ஒரு வாகை மரம் இருக்கு, அதுக்கடியில பால் கேனோட நான் நிப்பேன், நீங்க என்னைக்காவது வாங்க, நீங்க இருமுறத வச்சே கண்டுபிடிச்சுருவேன்னான். எனக்கு இருமல் கிடையாது. அது அவனுக்கு மறந்துபோச்சு, சந்தோசத்துல.

நானும் நல்லதுதான மாப்ளேன்னேன். மனசாரத்தான் சொன்னேன். பிள்ளையோட இருக்கணும்ல மனுசன்.

அன்னைக்கு என்னமோ தம்பி, குளிர் தாங்கல. ஐப்பசியில குளிராமயா இருக்கும், வருசா வருசம் குளிர்றதுதான். ஆனா அன்னைக்கு எலும்புக்குள்ள ஏறி உக்காந்துக்கிச்சு. கம்பளி இருந்துச்சு, பத்தல. எந்திரிச்சுப் போயி அந்தச் சேலைய அவுத்துக் கொண்டாந்து போத்திக்கிட்டேன். செவனம்மா வாசம் அதுல எப்பவோ போயிருச்சு, பச்சைச் செடி வாசம்தான் அடிச்சுச்சு. இருந்தாலும் தூக்கம் வந்துச்சு. மக்யா நாளும் போத்திக்கிட்டேன். அடுத்த நாளும். குளிர் காலம் முச்சூடும் அப்படித்தான்.

அவனும் கேட்டான். "அத்தைய ரெண்டு மூணு நாளாக் காணோமே மாமா, கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டாங்களா?" நான் சொன்னேன், "இல்ல மாப்ளே, குளிருக்கு வீட்டுக்குள்ள எங்கூட இருக்கா." ரெண்டு பேரும் சிரிச்சோம். அதான் நாங்க ரெண்டு பேரும் சேந்து சிரிச்ச கடைசிச் சிரிப்பு. இப்ப நினைச்சாலும்... சரி விடுங்க.

கார்த்திகை பொறந்துச்சு. ஒருநா பொழுது சாயலாம்னு இருக்கு, நான் கூன்னு குடுக்கறதுக்கு முன்னாடியே அவன் குரல் வருது.

"மாமா, பூவுல விதை."

கூப்பிடுறப்ப எப்பவும் வர்ற மாமோய் இல்ல. மாமா. நான் போயி எஞ்செடியப் பாத்தேன், எனக்கும் அப்படித்தான். நசுக்குனா விதை, நசுக்குனா விதை. மலை முச்சூடும் கெட்டுப்போச்சு. எவனோ ஒரு பொறுப்பத்த பய ஆண் செடியப் பிடுங்காம விட்டுருக்கான். கீழ ஓடைப் பக்கம் புதுசா ஒருத்தன் வந்து போட்டுருக்கான்னு கேள்வி. அவனாத்தான் இருக்கணும். தொழில் தெரியாத பய. ஒருத்தன் குடியக் கெடுக்கறமேன்னு ஒரு நெனப்பு இருக்காது இவனுகளுக்கு? நான் இங்கருந்தே அவன வஞ்சேன் பாருங்க, தொண்டை கட்டற வரைக்கும் வஞ்சேன். மாப்ளே, அந்தக் கீழோடைக்காரன் கையக் கால முறிக்கணும்டான்னேன்.

அவன் ஒண்ணுதான் கேட்டான். "விதைக்குன்னு விட்ட செடிக்கு நீங்க சேலை கட்டித்தான மாமா வச்சுருந்தீங்க?"

"வருசம் தவறாமக் கட்டுறவன்டா நான்"னேன். உண்மைதான? எந்த வருசம் கட்டாம இருந்துருக்கேன்?

"சரிங்க மாமா"ன்னான்.

கவனிச்சீங்களா? எப்பவும் 'சரி மாமா'ம்பான். அன்னைக்கு 'சரிங்க'. என்னத்துக்குத் திடீர்னு அந்த மருவாதி? அந்த ஒரு 'ங்க' முள்ளு மாதிரி இன்னமும் இங்க நிக்குது. அதுதான் அவன் எங்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு.

மக்யா நாள் கூன்னேன். பதில் இல்ல. ஒடம்புக்கு முடியலையோன்னு நினைச்சேன். ஆனா இருமல் கேக்குது தம்பி. இருக்கான். நான் கூப்பிடுறது அவனுக்கு நல்லாக் கேக்கும், காத்து அந்தப் பக்கந்தான வீசுது. கேட்டுக்கிட்டே இருமுறான். ஒரு மனுசன் கரையில நின்னு கத்திக்கிட்டே இருக்கான், இன்னொருத்தன் இருமிட்டு உக்காந்துருக்கான். என்ன பாவம் பண்ணேன் நான்? என்ன கொழம்புன்னு கேட்டேன். கரடி வந்துச்சான்னு கேட்டேன். அத்தை உன்னைய விசாரிச்சா மாப்ளேன்னேன். அதுக்கும் இல்ல.

அப்புறம் இருமலும் நின்னு போச்சு.

கட்ட மீறி, பள்ளம் எறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போனேன். வாழ்க்கையில ஒரே தடவை. செடியெல்லாம் வேரோட பிடுங்கி வரிசையாக் கெடத்தியிருந்துச்சு, வீட்டுல எழவு விழுந்தாக் கெடத்துவோம்ல, அது மாதிரி. அடுப்பு ஆறிக் கெடந்துச்சு. அவன் உக்காந்து பேசற கல்லு ஒண்ணு இருந்துச்சு. தேஞ்சு வழவழன்னு. அத எஞ் சரிவப் பாத்துப் போட்டுருந்தான் தம்பி. அதுல நான் உக்காந்து பாத்தேன். எங்கொல்லை அங்கங்க மரத்துல மறையுது, ஆனா ஆண் செடி நிக்கற எடம் மட்டும் எந்த மறைப்பும் இல்லாம, பளிச்சுன்னு நேராத் தெரியுது. இங்க உக்காந்துதான தெனம் அத்தையப் பாத்துருக்கான்னு நினைச்சேன். மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு. எம்மேல அவ்வளவு பிரியம் இருந்துருக்கு.

அதனாலதான் எனக்குக் கோவமே. வெள்ளாமை கெட்டுச்சு, சரி. எனக்குந்தான் கெட்டுச்சு. கெட்டா என்ன செய்வாங்க? இன்னொரு வருசம் இருந்து பாத்துட்டுப் போவாங்க. எல்லாரும் அப்படித்தான செய்வாங்க? இன்னும் ஒரே ஒரு வருசம். அவனும் அப்படித்தான் இருப்பான்னு நான் நினைச்சேன். எருமை எங்க ஓடிப் போகுது. அவன் என்னடான்னா வெறுங்கையோட எறங்கிட்டான்.

இந்தா, இந்தச் சேலை முந்தியில முடிச்சு இருக்கு பாருங்க. விதை. எஞ்சாதி விதை. இத அவனுக்குக் குடுக்கப் போறேன். இந்தத் தடவை ரெண்டு சரிவுலயும் இதையே போடுவம்டா மாப்ளே, ஆடிக்கு ஏறுவம் வான்னு சொல்லப் போறேன். எப்படியும் வந்துருவான். நல்ல மனசுக்காரன்.

அந்த மேட்டத் தாண்டுனா கல்லூத்துப்பட்டிதான? வந்துருச்சு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது பாருங்க, பொண்ணு பாக்கப் போறவனாட்டம்.

என்ன கேக்குறீங்க? பொடி பறந்தப்பச் சேலை எங்க இருந்துச்சா?

எங்க இருக்கும், எம் மேலதான் இருந்துச்சு. சொன்னேனே, குளிருன்னு. ஆண் செடியா? அது அங்கதான் நின்னுச்சு, வெறுமன. அதுக்கென்ன, செடிக்குக் குளிரா, மழையா. அது பாட்டுக்குப் பூத்து...

அது பாட்டுக்குப் பூத்து நின்னுச்சு.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க.

பேசுங்க தம்பி. இவ்வளவு நேரமும் நல்லா ம் கொட்டிக்கிட்டு வந்தீங்க. நீங்களும் அவன மாதிரியே பேச்ச நிறுத்திட்டீங்க. பப்பாளிக்காரரு, உங்களுக்குத் தெரியாததா, சொல்லுங்க. கீழோடைக்காரன் ஒருத்தன் இருந்தான்ல. இருந்தானாம். நான் பாக்கல. இருந்தான்னு கேள்வி.

இந்தா, மரம் வந்துருச்சு. வாகை மரந்தான். அவன் சொன்ன மாதிரியே பஸ் திரும்புது. பால் கேன் ஒண்ணையும் காணோம். செங்கல் லாரிதான் நிக்குது. ரெண்டு பேரு எறக்கிக்கிட்டு இருக்காங்க. தலையில துண்டு கட்டுனவன் ஒருத்தன், ஒல்லியா. அவன் பக்கத்துல ஒரு சின்னப் பிள்ளை செங்கல் பொடிய அள்ளி வெளையாடுது. வேத்தாளப் பாத்து அழுகுற பிள்ளையாத் தெரியல.

செத்த சத்தம் போடாம இருங்க தம்பி. செத்த நேரம்.

கேட்டீங்களா?

ஆமா. சின்னது ரெண்டுதான். மூணாவது பெருசுதான். செங்கல் தூசியில யாரு நின்னாலும் இருமல் வரத்தான செய்யும். செருமலா? எல்லாருந்தான் செருமுறாங்க.

அது அவன் இல்ல. வேற யாரோ. வயசாயிருச்சுல்ல தம்பி, காது முன்ன மாதிரி இல்ல. போன வருசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இல்ல, எறங்கல. கண்டக்டர் தம்பி, இது இங்க நிக்குமா, உடனே திரும்பிருமா? உடனே எடுத்துருங்க. திரும்ப மலையடிவாரத்துக்கே ஒரு டிக்கெட் குடுங்க.

நீங்க எறங்குங்க. தங்கச்சி பாத்துக்கிட்டு இருக்கும். வேண்டாம், முடிச்ச அவுக்க வேண்டாம், இத யாருக்கும் குடுக்க வேண்டாம். இப்படி ஒருத்தன் வந்தான்னு அங்க யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். கும்பிடுறேன், போயிட்டு வாங்க.

போறப்ப அந்தச் சன்னல மட்டும் சாத்திட்டுப் போங்க தம்பி. காத்து இங்கருந்து அவன் பக்கமாத்தான் வீசுது.